ஊரை அறியும் கலை

கூட்டுறவுச் சங்கமொன்றின் நிலையை அறிய விரும்புவோர் முதலில் நாடுவது அதன் கணக்குப் புத்தகங்களையே. நாள்வழி, பேரேடு, இருப்புப் பதிவேடு, கூலிப் பட்டியல் ஆகியவை ஒழுங்காக இருப்பின் சங்கமும் ஒழுங்காக இருப்பதாகக் கொள்கிறோம். இது தவறன்று. கணக்கின்றிக் கூட்டுறவு இல்லை. ஆயினும் கணக்குப் புத்தகத்தால் விடை கூற இயலாத கேள்வி ஒன்று உண்டு. சென்ற ஆண்டு எண்பது தறிகள் ஓடிய சங்கத்தில் இவ்வாண்டு ஐம்பது தறிகளே ஓடுகின்றன என்று வைத்துக்கொள்வோம். அந்தக் குறைவைப் பேரேடு காட்டும், காரணத்தைக் காட்டாது. சங்கம் அளித்த புது விதையை முதற்பருவத்தில் வாங்கியோர் பலர், அடுத்த பருவத்தில் வாங்கியோர் சிலர் என்று அது கூறும். விலகி நின்றோர் மனத்தில் இருந்தது யாது என்று கூறாது.

காரணம் தெரியாதபோது நாம் வாளா இருப்பதுமில்லை. "அங்கத்தினருக்குச் சங்கப்பற்று குறைந்துவிட்டது" என்றோ, "நம் மக்கள் புதுமையை ஏற்கமாட்டார்கள்" என்றோ நாமே ஒரு விடையை எழுதிக்கொள்கிறோம். பிறகு அந்த விடைக்கேற்ற சீர்திருத்தத்தைத் தொடங்குகிறோம். நோய் இன்னதென்று அறியாமல் மருந்து கொடுப்பதை இது ஒக்கும். அத்தகைய மருந்து சங்கத்தின் பணத்தையும் அங்கத்தினரின் நம்பிக்கையையும் ஒருங்கே கரைத்துவிடும்.

மக்கள் ஒன்றை ஏன் செய்கின்றனர், ஏன் செய்யாது விடுகின்றனர் என்பதை அவர்களிடையே வாழ்ந்து அறிவதையே தொழிலாகக் கொண்ட துறை ஒன்று உண்டு. அதற்கு மானிடவியல் என்று பெயர். அத்துறையினர் கைக்கொள்ளும் முறை களப்பணி எனப்படும். அது எவ்வாறு தோன்றியது, எங்கெங்கே இடறியது, அதைப் பயில்வோர் எவற்றைக் கற்க வேண்டும் என்பனவற்றைக் கூட்டுறவாளர் அறிந்திருப்பது நலம்.

தாழ்வாரத்திலிருந்து ஊருக்குள்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் தொலைநாட்டு மக்களைப் பற்றி நூல் எழுதிய அறிஞர் பலர் அம்மக்களைக் கண்டதில்லை. பயணிகளும் பாதிரிமார்களும் அதிகாரிகளும் எழுதியனுப்பிய செய்திகளைக் கொண்டே அவர்கள் எழுதினர். 1898-ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு குழுவினர் ஆஸ்திரேலியாவுக்கும் நியூகினிக்கும் இடையிலுள்ள டாரஸ் நீரிணைத் தீவுகளுக்கு நேரிற் சென்றது ஒரு திருப்பமாயிற்று. அக்குழுவில் இருந்த மருத்துவர் டபிள்யூ.எச்.ஆர். ரிவர்ஸ் எளியதொரு வழியைக் கண்டார். ஒவ்வொருவரிடமும் தாய், தந்தை, உடன்பிறந்தோர், வாழ்க்கைத்துணை, மக்கள் ஆகியோரின் பெயர்களைக் கேட்டு வம்சாவளியை எழுதிக்கொள்வதே அவ்வழி. "உங்கள் சொத்துரிமை முறை யாது?" என்று பொதுப்படக் கேட்டால் கேட்கப்பட்டவர் திகைப்பார். "உம் தாய்மாமன் இறந்தபோது அவருடைய நிலம் யாரிடம் சென்றது?" என்று கேட்டால் விடை உடனே வரும். ரிவர்ஸ் 1901-02-இல் நமது நீலகிரிக்கும் வந்து, தோடர்களிடையே இம்முறையைக் கையாண்டார். அவர்களைப் பற்றிய அவரது நூல் 1906-இல் வெளியாயிற்று. எனினும் அவர் மொழிபெயர்ப்பாளரின் துணைகொண்டே வினவினார்.

அடுத்த அடியை எடுத்து வைத்தவர் பிரானிஸ்லாவ் மலினோவ்ஸ்கி. 1884-இல் போலந்து நாட்டின் கிராக்கோவில் பிறந்து லண்டனில் பயின்ற இவர், 1914-இல் ஆஸ்திரேலியாவுக்குச் சென்றார். அச்சமயம் முதல் உலகப் போர் மூண்டது. அவர் பிறந்த ஊர் அக்காலத்தில் ஆஸ்திரியப் பேரரசுக்குட்பட்டது. ஆதலின் சட்டப்படி அவர் பகைநாட்டுக் குடியானார். ஆயினும் நியூகினிப் பகுதியில் ஆராய்ச்சி நடத்த அவருக்கு அனுமதி கிட்டியது. 1915-க்கும் 1918-க்கும் இடையே இரு தவணைகளில் ஏறத்தாழ ஈராண்டுக் காலம் அவர் ட்ரோப்ரியண்ட் தீவுகளில் தங்கினார். 1975-இல் விடுதலை பெற்ற பாப்புவா நியூகினி நாட்டின் பகுதியாக அத்தீவுகள் இன்று விளங்குகின்றன.

அங்கு வெள்ளையர் வீட்டுத் தாழ்வாரத்தில் நாற்காலியிட்டு அமர்ந்து ஊராரை அழைத்து வினவுவதை அவர் விரும்பவில்லை. ஓமரகானா என்னும் ஊரின் நடுவிலேயே கூடாரம் அடித்தார். அவர்கள் மொழியைக் கற்றார். காலையில் கூடாரத்தை விட்டு வெளிவந்தால் அடுப்பு மூட்டுவோரையும், தோட்டத்துக்குப் புறப்படுவோரையும், பூசலிடுவோரையும் அவர் ஒருங்கே காண முடிந்தது. முதலில் அவரை வேடிக்கை பார்த்தவர்கள் நாளடைவில் பார்ப்பதை விட்டனர். அந்நாள் முதலே உண்மையான களப்பணி தொடங்கிற்று எனலாம்.

மூவகைக் குறிப்புகள்

தாம் கையாண்ட முறையை 1922-இல் வெளிவந்த தமது நூலின் முகவுரையில் மலினோவ்ஸ்கி விளக்கியுள்ளார். சேகரிக்க வேண்டிய செய்திகளை அவர் மூவகையாகப் பிரித்தார். முதலாவது எலும்புக்கூடு போன்றது. வீடுகளின் கணக்கு, ஊரின் வரைபடம், வம்சாவளி, யார் யாருக்கு எதைக் கொடுத்தார் என்னும் பட்டியல் ஆகியன இதில் அடங்கும். இரண்டாவது, அந்த எலும்புக்கூட்டுக்குத் தசையும் குருதியும் போன்றது. வேலை செய்யும் பாங்கு, உணவு உண்ணும் முறை, உரையாடலின் தொனி, நட்பும் பிணக்கும் வெளிப்படும் சிறு செயல்கள் ஆகிய இவை பட்டியலுள் அடங்கா. அன்றாட நாட்குறிப்பில்தான் அடங்கும். மூன்றாவது உயிர் போன்றது. மக்கள் தம் செயலைப் பற்றித் தாமே கூறும் சொற்கள், கதைகள், வழக்குகள் ஆகியவற்றை அவர்கள் மொழியிலேயே எழுதிக்கொள்வது அது.

இம்மூன்றும் சேர்ந்தாலன்றி உண்மை விளங்காது என்பதற்கு அத்தீவினரின் வேளாண்மையே சான்று. அவர்கள் வள்ளிக்கிழங்கு பயிரிடுவதில் வல்லவர்கள். ஒருவன் ஆண்டு முழுவதும் பாடுபட்டு விளைவித்த கிழங்கில் சிறந்த பகுதியைத் தன் வீட்டில் வைத்துக்கொள்வதில்லை. ஊரார் காணக் குவித்து வைத்துப் பின்னர்த் தன் சகோதரியின் கணவனுடைய களஞ்சியத்தில் கொண்டுபோய் நிரப்புகிறான். விளைச்சலையும் இருப்பையும் மட்டும் கணக்கெடுக்கும் ஓர் அதிகாரி இதைக் கண்டால், பிழைக்கத் தெரியாத மக்கள் என்றே எழுதியிருப்பார். அங்கே குலம் தாய்வழியே செல்கிறது. சகோதரியின் மக்களே ஒருவனுடைய குலத்துக்கு உரியவர்கள் என்பது தெரிந்தால்தான் அச்செயலின் நியாயம் புலனாகும். இவ்வேளாண்மை ஒன்றைப் பற்றியே 1935-இல் மலினோவ்ஸ்கி இரு தொகுதிகள் வெளியிட்டார்.

ஐந்தொகையின் மறுபக்கம்

நிற்க, இத்துணை நுணுகி நோக்கியவரின் பார்வைக்கும் ஒரு பெரும் பகுதி தப்பியது. 1971-ஆம் ஆண்டில் ஆனெட் வைனர் என்னும் அமெரிக்கப் பெண்மணி அதே தீவுக்கு ஆராய்ச்சிக்காகச் சென்றார். அங்கு ஒருவர் இறந்த பின்னர் நடைபெறும் சடங்கில் பெண்கள் பொருள் வழங்குவதை அவர் கண்டார். அவர்கள் வழங்கியவை, வாழையிலையைக் கீறி உலர்த்திக் கட்டிய சிறு கட்டுகளும், வாழையிலை இழைகளால் செய்து சாயமிட்ட பாவாடைகளும் ஆகும். யாவும் பெண்கள் தம் கையால் உழைத்துச் செய்தவை. ஒரு சடங்கில் ஆயிரக்கணக்கான கட்டுகள் கை மாறின.

இறந்தவரின் தாய்வழிக் குலத்துப் பெண்கள், துக்கத்தில் பங்கு கொண்ட பிற குலத்தாருக்கு இவற்றை அளித்தாக வேண்டும். தாம் செய்து வைத்தது போதாவிடில், தன் மனைவிக்காகக் கணவனே பொருள் செலவிட்டு அக்கட்டுகளைத் தேடிச் சேர்ப்பான். ஏனெனில் ஆண்டுதோறும் அவனுடைய களஞ்சியத்தில் கிழங்கை நிரப்பியவன் அந்த மனைவியின் சகோதரன் அல்லவா? ஆகவே கிழங்கும் வாழையிலைக் கட்டும் ஒரே ஐந்தொகையின் இரு பக்கங்கள். மலினோவ்ஸ்கியின் கவனம் ஆடவர் நடத்திய பரிமாற்றங்கள் மீதே பெரிதும் சென்றமையால், அவர் ஒரு பக்கத்தை விரிவாக எழுதினார். மறுபக்கத்தைச் செல்வமென்றே கருதாமல் விட்டார். 1976-இல் வெளிவந்த வைனரின் நூல் அப்பக்கத்தை நிரப்பிற்று.

இதிலிருந்து களப்பணி பயில்வோர் கற்கும் பாடம் பெரிது. ஈராண்டுகள் தங்கினாலும், மொழியைக் கற்றாலும், கேட்கப்படாதவர் கணக்கு ஏட்டில் ஏறுவதில்லை. அதைவிடக் கேடானது, ஏட்டில் ஏறாமையால் அது இல்லை என்றே பின்வந்தோர் பலரும் எண்ணிவிடுவதுதான்.

விளைச்சல் பெருகியும் கைவிடப்பட்ட விதை

கேட்கப்படாதவரை விட்டுவிடுவதால் ஏட்டுக்கு மட்டுமன்றி வயலுக்கும் நட்டம் வரும். அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோ மாநிலத்தில், ரியோ கிராண்டே ஆற்றுப் பள்ளத்தாக்கில், ஸ்பானிய வழிவந்த உழவர் வாழும் ஊரொன்றில் 1946-இல் கலப்பின மக்காச்சோளம் புகுத்தப்பட்டது. அவ்வூரின் வேளாண் விரிவாக்க அலுவலர் திறமை மிக்கவர். உழவரின் மொழி அறிந்தவர். அவர்களிடம் நன்மதிப்புப் பெற்றவர். மண் நன்றாக இருக்கிறதா, நீர் போதுமா, புழுத் தொல்லை உண்டா என்று ஆராய்ந்த பின்னரே விதையை அளித்தார். செயல்விளக்க வயலும் அமைத்துக் காட்டினார். விளைச்சல் பழைய சோளத்தைவிடப் பன்மடங்கு வந்தது. முதலாண்டில் பயிரிட்டோரின் தொகை அடுத்த ஆண்டில் மேலும் உயர்ந்தது. அதற்கடுத்த ஆண்டில் அது சரியத் தொடங்கிற்று. நான்காண்டுகளில் பெரும்பாலோர் பழைய விதைக்கே திரும்பிவிட்டனர்.

உழவர் சோம்பேறிகளோ பழமைவாதிகளோ அல்லர். விதையிலும் குறையில்லை. அச்சோளத்தை அரைத்து டார்ட்டியா என்னும் ரொட்டி தட்டும் பெண்களுக்கு அது பிடிக்கவில்லை. மாவு சேர்ந்து வரவில்லை. நிறமும் சுவையும் பழகியதாக இல்லை. விற்பனைக்கன்றி வீட்டு உணவுக்கே சோளம் பயிரிட்ட ஊர் அது. அலுவலர் நிலத்தையும் நீரையும் உழவரையும் விசாரித்தார், அடுப்படியை விசாரிக்கவில்லை. அடுப்படியில் ஒரு நாள், ஒரு படி மாவுடன் நடந்திருக்க வேண்டிய சோதனை, ஊர் முழுவதும் நான்காண்டுகள் நடந்தது. இவ்வரலாற்றை அனாக்லெட்டோ அப்போடாகா என்பவர் எழுத, 1952-இல் வெளிவந்த ஒரு தொகுப்பு நூலில் அது இடம்பெற்றது. இன்றளவும் களப்பணி பயில்வோர்க்கு அது பாடமாகக் கூறப்படுகிறது.

தங்கும் இடமும் காணும் காட்சியும்

பிறநாட்டார் நம்மை ஆராய்வது ஒருபுறமிருக்க, நம்மவர் நம் ஊர்களை ஆராய்ந்த வரலாறும் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரப் பேராசிரியராக விளங்கிய கில்பர்ட் ஸ்லேட்டர், தம் மாணவரிடம் வினாப்பட்டியல் கொடுத்து ஊர்களை ஆராயச் செய்தார். அக்கட்டுரைகள் 1918-இல் நூலாயின. அவற்றுள் இடம்பெற்ற இருவேல்பட்டு முதலிய ஊர்கள் 1930-களிலும் அதன் பின்னரும் மீண்டும் மீண்டும் ஆராயப்பட்டன. ஒருமுறை எழுதியதோடு நில்லாமல், ஆண்டுகள் சில கழித்து அதே ஊரில் அதே கேள்விகளைக் கேட்பதன் பயனை அவ்வாராய்ச்சிகள் காட்டுகின்றன.

மைசூரைச் சேர்ந்த எம்.என். சீனிவாஸ், 1948-இல் மைசூருக்கு அருகிலுள்ள சிற்றூரொன்றில் மாதக்கணக்கில் தங்கி ஆராய்ந்தார். ஊராரின் நலன் கருதி அதற்கு ராம்புரா என்று புனைபெயர் இட்டார். பல ஆண்டுகள் உழைத்து அவர் பகுத்து வைத்திருந்த குறிப்புகள், 1970-ஆம் ஆண்டு ஏப்ரல் 24-ஆம் நாள், அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டிலுள்ள ஆராய்ச்சி நிலையத்துக்குத் தீயோர் வைத்த நெருப்பில் எரிந்துபோயின. அவர் மனம் தளராமல் பெரிதும் நினைவிலிருந்தே எழுதிய நூல் 1976-இல் வெளிவந்தது. நாள்தோறும் உடனிருந்து கண்டவை எவ்வளவு ஆழமாகப் பதியும் என்பதற்கு அந்நூல் சான்று.

அந்நூலின் மற்றொரு சிறப்பு அதன் நேர்மை. தாம் ஊர்த்தலைவரின் ஆதரவில், அவருக்குரிய கட்டடத்தில் தங்கியதால், நிலமுடைய உயர்சாதியினரின் கண்கொண்டே ஊரைப் பெரிதும் கண்டதாகவும், பெண்களின் உலகையும் அரிசனங்களின் உலகையும் போதிய அளவு அறிய இயலவில்லை என்றும் சீனிவாஸ் வெளிப்படையாக எழுதினார். எவர் வீட்டுத் திண்ணையில் அமர்கிறோமோ அத்திண்ணையிலிருந்து தெரியும் ஊரே நமக்குத் தெரியும்.

பயில்வோர் கைக்கொள்ள வேண்டியவை

களப்பணி பயில்வதற்குப் பட்டம் தேவையில்லை. பொறுமையும் ஒழுங்கும் தேவை. முதலாவது, வந்த நோக்கத்தை ஊரார்க்கு மறைக்காமல் கூறி அவர்கள் இசைவைப் பெறுதல். இரண்டாவது, வீடுகளை வரைபடத்தில் குறித்து, வீட்டுக்கொரு பக்கம் ஒதுக்குதல். மூன்றாவது, ஓர் ஆண்டின் சுழற்சி முழுவதையும் காணுதல். நெசவாளர் தெருவை மழைக்காலத்தில் மட்டும் கண்டவரும், உழவர் வீட்டை அறுவடைக்காலத்தில் மட்டும் கண்டவரும் பாதியே கண்டவராவர்.

நான்காவது, பொதுக் கேள்வியைத் தவிர்த்து நடந்ததைக் கேட்டல். "வீட்டில் எல்லோரும் உதவுவார்களா?" என்று கேட்டால் "உதவுவார்கள்" என்ற மரியாதையான விடை கிடைக்கும். "நேற்றுத் தார் சுற்றியது யார்? எந்த நேரத்திலிருந்து எந்த நேரம் வரை?" என்று கேட்டால் செய்தி கிடைக்கும். ஐந்தாவது, கண்டதை அன்றிரவே எழுதுதல். எழுதும்போது கண்ணால் கண்டது, பிறர் சொன்னது, நம் கருத்து என மூன்றையும் தனித்தனியே பிரித்தல் வேண்டும். மக்கள் சொல்வதும் செய்வதும் வேறுபடின் அவர்களைப் பொய்யர் என்று கருதலாகாது. அவ்வேறுபாடே ஆராய வேண்டிய இடம்.

ஆறாவது, தன் மனத்தையும் கண்காணித்தல். மலினோவ்ஸ்கி மறைந்த பின்னர் 1967-இல் அவருடைய அந்தரங்க நாட்குறிப்பு வெளியிடப்பட்டது. நூல்களில் அம்மக்களை மதித்து எழுதியவர், தனிமையிலும் சலிப்பிலும் அவர்களை இகழ்ந்து எழுதியிருந்ததைக் கண்டு உலகம் திடுக்கிட்டது. எழுதுகிறவனின் கோபமும் களைப்பும் அவன் குறிப்புகளில் கசிவதுண்டு. அதை அறிந்திருப்பவனே திருத்திக்கொள்வான். ஏழாவதும் இன்றியமையாததும் ஒன்றுண்டு. நம்பிச் சொன்னவரின் பெயரைக் காத்தல். ராம்புரா என்னும் புனைபெயரின் பொருள் இதுவே.

நம் சங்கங்களில்

இம்முறை நமக்கு எங்ஙனம் பயன்படும்? ஒரு நெசவாளர் சங்கத்தின் கூலிப் பட்டியலை நோக்குவோம். அதில் ஒரு சேலைக்கு எதிரே அங்கத்தினர் ஒருவர் பெயர் இருக்கும். ஆனால் அச்சேலை தறிக்கு வருமுன் நூல் இழைத்தல், தார் சுற்றுதல், பாவு பிணைத்தல் எனப் பல வேலைகள் நடக்கின்றன. அவற்றுள் பலவற்றை வீட்டுப் பெண்களும் முதியோரும் செய்கின்றனர். பட்டியலில் அவர்கள் பெயர் இல்லை. ஒரு வீட்டில் தார் சுற்றிவந்த மகள் மணமாகிச் சென்றுவிட்டால், அல்லது பின்னலாடை ஆலைக்கு வேலைக்குச் சென்றுவிட்டால், அவ்வீட்டுத் தறியின் வேகம் குறையக்கூடும். பேரேட்டில் அது அங்கத்தினரின் அசிரத்தையாகவே தோன்றும். வாழையிலைக் கட்டுகளை விட்டுவிட்டுக் கிழங்கை மட்டும் எண்ணிய கதையே இது. உழவர் சங்கத்தில் புது விதையைப் பரிந்துரைக்குமுன், அந்நெல்லின் சோறு மறுநாள் பழையதுக்கு ஆகுமா, வைக்கோலை மாடு தின்னுமா என்று வீட்டாரைக் கேட்பதும் இம்முறையைச் சார்ந்ததே.

இதை யார் செய்வது? ஆய்வாளர் பணியில் ஊர்தோறும் செல்லும் நாம் ஒன்றை வெளிப்படையாகவே கூறுகிறோம். ஆய்வாளர் வருகிறார் என்றால் நாற்காலி துடைக்கப்படும்; பதிவேடுகள் மேசைக்கு வரும்; பேச்சு அளந்து வரும். கையில் அதிகாரம் உள்ளவரிடம் எவரும் அப்படித்தான் பேசுவர். அது அவர்கள் குற்றமன்று. மலினோவ்ஸ்கி வெறுத்த தாழ்வாரம், பதவியில் உள்ளவர் எங்கு சென்றாலும் அவருடனேயே செல்கிறது. ஆதலின் இப்பணிக்கு ஆய்வாளரைவிட அங்கத்தினரே தகுதியுடையவர். அவர்களே அத்தெருவில் வாழ்கிறார்கள், அம்மொழியில் சிரிக்கிறார்கள், மழையிலும் வெயிலிலும் அங்கேயே இருக்கிறார்கள். ஆயினும் தம் ஊர் தமக்குத் தெரியும் என்னும் எண்ணமே அவர்களுக்கு இடராகக் கூடும். தெரிந்த வீட்டிலும் புதிதாய் வந்தவர்போல் கேட்கப் பழகுதல் வேண்டும்.

ஒவ்வொரு சங்கமும் அங்கத்தினர் குடும்பங்களிலிருந்து இருவரைத் தேர்ந்தெடுக்கலாம். அவருள் ஒருவர் தறி வேலை அறிந்த பெண்ணாக இருத்தல் நன்று. வாரம் ஒரு வீடாக ஓர் ஆண்டு அவர்கள் சென்று வரட்டும். சங்கத்தை விட்டு விலகியோர் வீடும், கடன் நிலுவையுள்ளோர் வீடும், ஊர்க்கோடியில் உள்ளோர் வீடும் அப்பட்டியலில் முதலில் இருக்கட்டும். கண்டதைப் பெயரின்றித் தொகுத்துப் பொதுப்பேரவையில் படிக்கட்டும். கேட்டவர்கள் திருத்தம் சொல்லட்டும். ஒரு நிபந்தனையை மட்டும் நிர்வாகக் குழுவினர் முன்னதாகவே தீர்மானமாக நிறைவேற்றி நடவடிக்கைப் புத்தகத்தில் பதிந்துவிட வேண்டும். அக்குறிப்பேட்டைக் கடன் வசூலுக்கோ, ஒருவர்மேல் நடவடிக்கை எடுக்கவோ எக்காரணம் கொண்டும் பயன்படுத்தலாகாது. ஒருமுறை அவ்வாறு நடந்துவிட்டால், அதன்பின் எந்த வீட்டிலும் திண்ணை கிடைக்குமே தவிர உண்மை கிடைக்காது.

இதற்கு ஆகும் செலவு ஒரு குறிப்பேடும் ஓர் எழுதுகோலுமே. அடுத்த பேரவைக் கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலில் இதையும் ஒரு பொருளாகச் சேர்த்துக்கொள்ளுமாறு அன்பர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.